பணம் வாங்க யூபிஐ 'பின்' நம்பர் எதற்கு?

அன்புள்ள தங்கராசு,

உன் மெயில் நேற்று ராத்திரி வந்தது. மகள் வீட்டோடு போய் இருந்துவிடலாம் என்று ஒருவழியாக முடிவெடுத்தாயே, ரொம்ப சந்தோஷம். திருச்சியில் இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பெங்களூர் போவது லேசுப்பட்ட காரியமில்லை. பரணில் இருப்பதை இறக்கவே உனக்கு ஒரு வாரம் ஆகும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

பிரிட்ஜ், தேக்குக் கட்டில், ஸ்கூட்டர் மூன்றையும் ஓஎல்எக்ஸில் போட்ட பத்தே நிமிஷத்தில் பிரிட்ஜுக்கு ஆள் வந்துவிட்டது, 14,000 சொன்னதற்கு மறுபேச்சு இல்லை, பட்டாளத்தில் இருக்கிறாராம், முழுப் பணமும் இன்றைக்கே போட்டுவிட்டு வண்டி அனுப்புகிறாராம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மெயிலை முழுசாகப் படித்து முடிக்கும் வரை அந்த ஆளின் போனை எடுக்காதே.

பழைய பிரிட்ஜ் வாங்க வருகிறவன் என்னவெல்லாம் கேட்பான்? வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு, கம்ப்ரசர் மாத்தியிருக்கா, கதவு ரப்பர் இறுக்கமா இருக்கா, வீடு எந்த மாடி, லிப்ட் உண்டா, கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க. நேரில் வந்து கதவைத் திறந்து மோந்துகூடப் பார்ப்பான். உன் ஆள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஆறு வருஷப் பிரிட்ஜைக் கண்ணால் பார்க்காமல், பேரம் பேசாமல், முன்பணமாக முழுத் தொகையும் தருகிறேன் என்கிறவனுக்குப் பிரிட்ஜ் தேவையில்லை. உன் வங்கிக் கணக்குதான் தேவை.

பட்டாளம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீருடைப் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருப்பான். கேட்காமலே கேன்டீன் கார்டு, ஆதார், அடையாள அட்டை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவான். அந்த அட்டைகள் பெரும்பாலும் உண்மையான ஜவான்களுடையவை, எங்கிருந்தோ திருடப்பட்டவை. ஜவான் என்றால் நாம் சந்தேகப்படத் தயங்குவோம், 'நேரில் வாங்க' என்று கட்டாயப்படுத்தவும் மாட்டோம். டூட்டியில் இருக்கிறேன், வெளியே வர முடியாது என்றால் உடனே நம்பிவிடுவோம். 'இது ஆர்மி அக்கவுண்ட், பணம் அனுப்புற முறையே வேற' என்று அடுத்து ஒன்று சொல்வான். ராணுவத்துக்கென்று தனி யூபிஐ முறை எதுவும் கிடையாது. ஜவானும் உன்னைப்போல, என்னைப்போலத்தான் பணம் அனுப்புகிறார். மாடி போர்ஷனுக்கு 'டூலெட்' விளம்பரம் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்கும் இதே ஆட்கள் வருவார்கள். மாற்றலாகி வருகிறேன், அட்வான்ஸ் போடுகிறேன் என்று ஆரம்பிப்பார்கள். ஆள் மாறும், வசனம் மாறாது.

இனி அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. ஒரு கியூஆர் கோடு அனுப்புவான். 'இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்' என்பான். முதலில் 5 ரூபாய்க்கு ஒன்று வரும். சோதனைக்கு என்பான். நீ ஸ்கேன் செய்தால் உன் 5 ரூபாய் போகும், அடுத்த நிமிஷம் அவன் 10 ரூபாய் அனுப்புவான். உனக்கு நிஜமாகவே 10 ரூபாய் வந்திருக்கும், அதனால் நம்பிக்கை வந்துவிடும். அந்தப் பத்து ரூபாய் அவன் போடும் தூண்டில் புழு. அடுத்த கோடு 14,000-க்கு வரும்.

கோடை ஸ்கேன் செய்ததும் உன் திரையில் தெரிவதை நிதானமாகப் பார். மேலே ஒரு பெயர், அதன் கீழே 14,000 என்ற தொகை, அடியில் 'பே' அல்லது 'செலுத்து' என்ற பொத்தான். அதை அழுத்தினால் 'பின்' நம்பர் போடும் பக்கம் வரும். அங்கேயும் யாருக்கு, எவ்வளவு என்று மறுபடி காட்டும். 'பெறு' என்று ஒரு பொத்தானும் எங்கேயும் இருக்காது, இருக்கவும் முடியாது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் எழுதியிருப்பதே 'இன்ன ஐடிக்கு இவ்வளவு செலுத்து' என்ற கட்டளைதான். ஸ்கேன் செய்கிறவன் பணம் கொடுக்கிறவன், கோடைக் காட்டுகிறவன் வாங்குகிறவன். மளிகைக் கடையில் அண்ணாச்சி கோடை ஒட்டி வைத்திருக்கிறார், நாம் ஸ்கேன் செய்கிறோம், பணம் அவருக்குப் போகிறது. இந்த வியாபாரத்தில் நீதான் அண்ணாச்சி. அவன் உன் கோடை ஸ்கேன் செய்யட்டும்.

யூபிஐ பின் தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான்: பணம் அனுப்ப, இருப்புப் பார்க்க, மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே போன்ற அனுமதி கொடுக்க. பணம் வாங்க அது தேவையே இல்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாலும், போனை அணைத்து வைத்திருந்தாலும் பணம் வந்து சேரும். இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. சில்லறைச் செலவுக்கென்று ஆப்பில் தனியாகப் பணம் போட்டு வைக்கும் யூபிஐ லைட் வைத்திருந்தால் சின்னத் தொகை பின் கேட்காமலே போய்விடும். ஆகவே 'பின் கேக்கலையே, அப்ப பயமில்லை' என்றும் நினைத்துவிடாதே.

14,000 போனதும் நீ பதறிப்போய்க் கூப்பிடுவாய். அவன் துளிகூடப் பதற மாட்டான். 'சர்வர் பிரச்சினை சார், இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து 28,000-ஆ திரும்பி வரும்' என்பான். மூன்றாம் தடவை, நான்காம் தடவையும் கேட்பான். ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் பெரிய தொகையை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். போன பணத்தை மீட்கும் தவிப்பில் அதற்கு மேல் போட்டுவிடுகிறார்கள். போனைத் துண்டிக்கவும் விடமாட்டான், பேசிக்கொண்டே இருப்பான். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட உனக்கு இடைவெளி கிடைக்கக் கூடாது என்பதுதான் அவன் கணக்கு.

முன்பெல்லாம் கோடுக்குப் பதிலாக ஆப்பிலேயே 'பணக் கோரிக்கை' அனுப்புவார்கள், அதை ஒப்புக்கொண்டால் நம் பணம் போய்விடும். தனிநபர் தனிநபரிடம் அப்படிக் கேட்கும் வசதியை யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கடை, நிறுவனக் கணக்குகளிலிருந்து கோரிக்கை வருவது இன்னும் உண்டு. பிரிட்ஜ் விற்கிற உனக்கு எந்தக் கோரிக்கை வந்தாலும் நிராகரித்துவிடு. 2025 நடுவிலிருந்து இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. பணம் அனுப்புமுன் ஆப்பில் காட்டும் பெயர், வங்கியில் பதிவான பெயராக இருக்க வேண்டும். சுபேதார் என்று பேசுகிறவனின் கோடில் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

கோடு பலிக்கவில்லை என்றால் எஸ்எம்எஸ்ஸுக்குத் தாவுவான். 'உங்கள் கணக்கில் ரூ.41,000 வரவு' என்று ஒரு செய்தி வரும். உடனே போன்: 'சார், 14,000 போடறதுக்கு 41,000 போட்டுட்டேன், ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருந்த பணம், மீதி 27,000-ஐத் திருப்பிப் போடுங்க.' அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று பார். வங்கிச் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. இரண்டு எழுத்து, ஒரு ஹைபன் (-), வங்கியின் சுருக்கப் பெயர், கடைசியில் இன்னொரு ஹைபன் போட்டு எஸ் (S) அல்லது டி (T) என்ற எழுத்து, இப்படித்தான் இப்போது வரும். அதைக்கூட முழுசாக நம்பாதே. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார், அல்லது பாஸ்புக் பதிந்து பார். 'பேமென்ட் சக்சஸ்புல்' என்ற ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பே கிடையாது. அதே திரையைப் போலியாகக் காட்டும் ஆப்களே இருக்கின்றன. நேரில் வந்தவன் தன் போனில் பச்சை டிக்கைக் காட்டினாலும், உன் கணக்கில் ஏறும் வரை பிரிட்ஜ் வாசலைத் தாண்டக் கூடாது.

ரசீது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே பைல் (போனில் ஆப்பை நிறுவும் பைல்) அனுப்பினால் தொடாதே. நிறுவிவிட்டால் உன் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். எனிடெஸ்க் மாதிரித் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலும் அதே கதிதான்.

ஸ்கூட்டர் விஷயத்தில் வேறு ஒரு மோசடி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. நீ 45,000 என்று போட்டிருக்கிறாய். ஒருவன் உன்னிடம் விலைக்கு ஒப்புக்கொண்டு படங்களை வாங்கிக்கொள்கிறான். அதே படங்களைப் போட்டு 30,000-க்குத் தானே விளம்பரம் கொடுக்கிறான். அதைப் பார்த்து ஒரு அப்பாவி வருகிறார். அவரிடம், 'வண்டி என் மச்சான் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்க, அவரிடம் விலை பேசாதீங்க' என்கிறான். உன்னிடம், 'என் தம்பி வருவான், அவனிடம் விலை சொல்லாதீங்க, எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு' என்கிறான். வந்தவர் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகி, 30,000-ஐ அவனுக்கு அனுப்பிவிட்டுச் சாவி கேட்பார். உனக்கு ஒரு பைசா வந்திருக்காது. அவனோ போனை அணைத்திருப்பான். நீயும் அவரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்து வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். 'அவரிடம் விலை பேசாதீங்க' என்று யாராவது சொன்னால் அந்த ஆளைத் தவிர்த்துவிடு. வண்டி பார்க்க யார் வந்தாலும் முதல் வார்த்தையாக விலையைச் சொல், பணம் என் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்றும் சொல்.

ஸ்கூட்டரை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவர் வந்த வண்டியின் சாவியும் அசல் லைசென்சும் உன் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் நீயும் பின்னால் உட்கார்ந்து போ. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் வாங்குகிறவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதே. டெலிவரி கொடுத்த தேதியும் நேரமும் எழுதி, அவர் அடையாள அட்டை நகலோடு ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்.

இன்னொன்று. பணம் நிஜமாகவே வந்தாலும் வில்லங்கம் வரலாம். வேறொருவரிடம் ஏமாற்றிய பணத்தை அவர் கணக்கிலிருந்தே நேராக உனக்கு அனுப்பிவிட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தில் உன் கணக்கு இருப்பதால், வேறு மாநிலப் போலீஸ் சொல்லி அந்தத் தொகைக்கு வங்கி லீன் போடும், அதாவது நீ எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கும். சில சமயம் கணக்கையே முடக்கும். பென்ஷன் வரும் கணக்கில் இப்படி ஆனால் உன் பாடு திண்டாட்டம். அதனால் வாங்குகிறவர் பெயரும் பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். 'என் பிரண்டு போடுவான்' என்றால் ஒத்துக்கொள்ளாதே. விளம்பரம், பேசிய சாட், கொடுத்த ரசீது மூன்றையும் அழிக்காமல் வை. கணக்கு முடங்கினால் வங்கியிலும் போலீசிலும் காட்ட அவைதான் ஆதாரம். யாராவது தவறிப்போய் அதிகமாக அனுப்பிவிட்டதாகச் சொன்னால், பணம் உண்மையில் வந்திருந்தாலும் நீயாகத் திருப்பி அனுப்பாதே. அவரை அவர் வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல், உன் வங்கிக்கும் தகவல் கொடு.

இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் போன் நம்பர் தெரியாமல் மறைத்துவிடு, சாட் போதும். பென்ஷன் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதே. உன்னுடைய இன்னொரு வங்கிக் கணக்கில் ஆயிரம் இரண்டாயிரம் மட்டும் விட்டுவிட்டு அதை ஆப்பில் இணைத்துக்கொள். யூபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரை போகும். பல வங்கி ஆப்களில் அந்த வரம்பை நாமே குறைத்துக்கொள்ளலாம், குறைத்துவிடு. உன் கியூஆர் கோடை அச்செடுத்துப் பிரிட்ஜ் மேலேயே ஒட்டி வை. ரொக்கமாகத் தருகிறார்கள் என்றால் நோட்டை அவசரப்பட்டு எண்ணாதே. தொகை பெரிதாக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வங்கியின் டெபாசிட் மெஷினுக்குப் போய்ப் போடு, கள்ள நோட்டைப் பெரும்பாலும் அது கண்டுபிடித்துவிடும். ஆட்கள் வருவது பகல் நேரமாக இருக்கட்டும், துணைக்கு எதிர்வீட்டுக்காரரை வைத்துக்கொள்.

கையை மீறி ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அந்த நிமிஷமே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் போடு. கணக்கு எண், தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ ஐடி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். அவர்கள் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் அனுப்பி, மிச்சம் இருக்கும் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து ஏடிஎம்முக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பிறகு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள். உன் வங்கிக்கும் உடனே சொல்லிவிடு. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் நஷ்டம்தான். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பின்னால் ஒருவன் கூப்பிடுவான், கட்டணம் கேட்பான். அவனும் அதே கூட்டம்தான்.

அந்தப் பட்டாளத்து ஆளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பு: 'நேரில் வந்து பார்த்து, என் கோடை ஸ்கேன் செய்து எடுத்துப் போங்கள்.' அவன் எண்ணை அழிக்காதே. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகார் கொடு, ஓஎல்எக்ஸிலும் அந்தக் கணக்கை ரிப்போர்ட் பண்ணு. தேக்குக் கட்டிலை மட்டும் அவசரப்பட்டு விற்காதே. என் தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை திருச்சி வருகிறான், கட்டிலின் நீள அகலத்தை அளந்து அனுப்பினால் அவனே எடுத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கதிர்வேல்