ஒலிம்பிக்கை ஊர் ஊராகப் பிரித்தது தவறா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இத்தாலியில் நடந்த 2026 குளிர்கால ஒலிம்பிக் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். போட்டிகளை ஊர் ஊராகப் பிரித்ததால் திருவிழாக் களையே போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். வீரர்களின் ஏக்கம் எனக்கும் புரிகிறது. மிலானில் ஐஸ் ஹாக்கி ஆடியவரும் லிவின்யோ மலையில் ஸ்னோபோர்டில் பாய்ந்தவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்பார்கள். ஆனாலும் பிரித்தது சரிதான். இன்னும் துணிந்து பிரிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இதே இத்தாலி 2006 டுரின் ஒலிம்பிக்குக்காகச் செசானாவில், பனித்தடத்தில் சறுக்குவண்டியில் பாயும் பாப்ஸ்லெட் விளையாட்டுக்குத் தடம் ஒன்றைப் புதிதாகக் கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கான்கிரீட் வாய்க்கால், அதை உறைய வைக்க அமோனியாக் குழாய்கள். அந்த விளையாட்டில் இறங்குகிறவர்களோ மிகச் சிலர். பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள். பிரஜெலாத்தோவில் எழுப்பிய, பனிச்சறுக்கித் தாவும் ஸ்கி ஜம்பிங் மேடைகளும் பாழாய்க் கிடந்தன.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, இருக்கிற அரங்கைத் தேடிப் போட்டி போகட்டும் என்று முடிவு செய்ததை எப்படிக் குறை சொல்வது? அந்தோல்ஸில், பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயாத்லான் உலகக் கோப்பை வழக்கமாக நடக்கிறது. வால் தி ஃபியெம்மே 1991, 2003, 2013 என மூன்று முறை நார்டிக் பனிச்சறுக்கு உலகப் போட்டிகளை நடத்திய பள்ளத்தாக்கு. மிலானோடு சேர்ந்து ஒலிம்பிக்கை நடத்திய மலையூரான கோர்ட்டினாவில், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிடும் கர்லிங் நடந்தது 1956 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கில். நிறைவு விழாவுக்கு வெரோனாவின் ரோமானியர் காலத்து அரங்கம். ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்கோ மிலானை ஒட்டிய ரோ கண்காட்சி வளாகத்துக்குள் தற்காலிகமாகப் பனித்தளம் அமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஆனால் கோர்ட்டினாவில் நடந்தது? அங்கிருந்த பழைய பாப்ஸ்லெட் தடம் 2008-இல் மூடப்பட்டது. புதிதாகக் கட்ட வேண்டாம், வெளிநாட்டில் ஏற்கெனவே உள்ள தடத்தில் நடத்துங்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு கேட்டுக்கொண்டது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் அருகே இக்ல்ஸில் ஒரு தடம் இருக்கிறது. கோர்ட்டினாவுக்கு மிலானைவிட இன்ஸ்ப்ருக்தான் பக்கம்! இருந்தும், ஒலிம்பிக் பதக்கம் அயல்மண்ணில் வழங்கப்படுவதா என்ற கௌரவப் பிரச்சினை வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டி, 10 கோடி யூரோவுக்கு மேல் கொட்டிப் புதுத்தடம் கட்டினார்கள். டுரினில் சூடுபட்ட நாடு இதைச் செய்திருக்கவே கூடாது.

எல்லை தாண்டுவது ஒலிம்பிக்குக்குப் புதிதும் அல்ல. கோர்ட்டினா முதன்முதலில் ஒலிம்பிக் நடத்திய அதே 1956-இல், மெல்போர்ன் கோடைக்கால ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள், ஆஸ்திரேலியாவின் விலங்குத் தனிமைப்படுத்தல் விதிகளால், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்தன. 2026-க்காக மிலானுடன் மோதிய ஸ்டாக்ஹோம், பாப்ஸ்லெட்டை லாட்வியாவின் சிகுல்டாவில் நடத்திக்கொள்கிறோம் என்றே விண்ணப்பித்தது. 2019 வாக்கெடுப்பில் அது தோற்றது.

அடுத்து 2030 பிரெஞ்சு ஆல்ப்ஸ். ஸ்பீட் ஸ்கேட்டிங்குக்குப் புது அரங்கம் கட்டாமல், வெளிநாட்டில் உள்ள அரங்கையே பயன்படுத்துவதாகத் திட்டம். கடைசி நேரத்தில் யாருடைய கௌரவமும் அதைக் கலைத்துவிடக் கூடாது. வேண்டுகோளாகச் சொல்வது போதாது என்பதைக் கோர்ட்டினாவில் பார்த்துவிட்டோம். எல்லை தாண்டியாவது இருக்கிற அரங்கையே பயன்படுத்துவதை மீற முடியாத விதியாகவே ஒலிம்பிக் குழு கொண்டுவர வேண்டும். தங்கள் இதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர், திருச்சி