படுக்கையில் இருப்போருக்கு உபகரண அறை: சேகர மக்களிடம் கமிட்டியின் நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சேகர மக்களுக்கும், சென்னை, மும்பை, வளைகுடா என்று வெளியூர்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி என்று வீட்டோடு கிடப்பவர்களுக்குக் கட்டில், ஏர்பெட் (மோட்டாரால் காற்று ஏற்றும் மெத்தை), சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் ஆகியவற்றை வாடகை இல்லாமல் இரவல் கொடுக்க ஆலய வளாகத்தில் ஓர் அறை தொடங்க இருக்கிறோம். மொத்த மதிப்பீடு ₹4,20,000. அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் பிடியரிசிக் காணிக்கையிலும் சேர்ந்த ₹60,000 கையில் இருக்கிறது. மீதி ₹3,60,000-க்காகத்தான் இந்த வேண்டுகோள்.

அறிவிப்பு வாசித்த அன்றே கேள்விகள் வந்துவிட்டன. "ஜெபக்குழு வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறதே, கர்த்தர் சுகம் தருவார் என்று நம்புகிறவர்களுக்குக் கட்டில் எதற்கு?" என்பது ஒன்று. "விசுவாசத்தில் செய்கிற வேலைக்குப் பணம் கேட்கலாமா?" என்பது இன்னொன்று. "கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுவீர்களா?" என்பது மூன்றாவது. மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்தபோது சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையை எடுத்துப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ராஜா அடையாளம் கேட்டாரே தவிர, "வாக்குதான் வந்துவிட்டதே, பற்று எதற்கு" என்று கேட்கவில்லை. நாங்கள் கேட்பது அந்தப் பற்றுக்கான பணம்.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். அது விசுவாசக் குறைவால் வருவதில்லை. எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் பாரம் ஒரே இடத்தில் இறங்கி, தோலுக்கு இரத்தம் போவது தடைபடுவதால் வருகிறது. முதுகின் அடி, குதிகால், இடுப்பின் பக்கம், தோள்பட்டை, கணுக்கால், பின்னந்தலை ஆகியவைதான் முதலில் பழுதாகும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் குதிகால் மரத்துப்போயிருப்பதால் வலியே தெரியாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ கைக்குத் தட்டுப்படும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பவுடர் போடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை அடியில் வைப்பது பழைய வழக்கம். அது சுற்றிலும் இருக்கிற இரத்த ஓட்டத்தையும் அடைத்துவிடும்.

செய்யவேண்டியது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது. முழுதாக ஒருக்களித்து வைத்தால் பாரம் இடுப்பெலும்பில் ஏறிவிடும் என்பதால், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவு சாய்த்தால் போதும். நகர்த்தும்போது இழுத்தால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் போய் உள்ளே கிழியும். மடித்த வேட்டியை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். எழுபது வயது மனைவி தனியாக இருக்கும் வீட்டில் இரவு 2 மணிக்கு இதை யார் செய்வது? அதற்குத்தான் உபகரணமும் வேண்டும், ஆளும் வேண்டும்.

ஏர்பெட் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏர்பெட்டின் காற்றறைகளில் காற்று மாறிமாறி ஏறி இறங்கி அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நம் ஊர் நார்க்கட்டிலில் ஏர்பெட்டை விரித்தால் நடுவில் குழி விழுந்து, ஆளின் இடுப்பு நாரிலேயே போய் உட்காரும். ஆகவே சமமான பலகை போட்ட கட்டில் இல்லாத வீட்டுக்கு ஏர்பெட்டோடு கட்டிலும் சேர்த்துத்தான் கொடுப்போம். ஏர்பெட்டுக்கு மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்புதான் போடலாம். மெத்தையோ ஜமுக்காளமோ போட்டால் வாங்கியதே வீண். இடுப்புக்கு நேர் கீழே, ஏர்பெட்டுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். ஆளின் எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. சேலைப் பின்னும் எலியும்தான் இதற்கு இரண்டு பெரிய எதிரிகள். அதனால்தான் மதிப்பீட்டில் ஏர்பெட் மட்டும் 12 என்று கூடுதலாக இருக்கிறது.

விலைப்புள்ளி வாங்கிய கணக்கு இது. சாய்த்து நிமிர்த்தும் கட்டில் 6, ஒன்று ₹15,000 வீதம் ₹90,000. ஏர்பெட் 12, மோட்டாரோடு ₹36,000. சக்கர நாற்காலி 4, ₹28,000. கமோடு நாற்காலி 5, ₹15,000. வாக்கர் 8, ₹8,000. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் (கான்சென்ட்ரேட்டர்) 2, ₹96,000. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டரோடு 2, ₹18,000. பழைய பொருளறைக்கு அலமாரி, கம்பிவலை, மின் இணைப்பு ₹45,000. தன்னார்வலர் 15 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி ₹12,000. 3 வருஷப் பராமரிப்பு ₹72,000.

பராமரிப்புக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். இந்த மாதிரி அறைகள் பல இடங்களில் மூடிக்கிடப்பதற்குக் காரணமே, திறப்பு விழாவுக்குப் பணம் சேர்த்தவர்கள் இரண்டாம் வருஷத்துக்குச் சேர்க்காததுதான். கொரோனா காலத்தில் வாங்கிய கான்சென்ட்ரேட்டர்கள் எத்தனையோ மூலையில் கிடக்கின்றன. ஓட்டாமல் வைத்தால் உள்ளே காற்றைப் பிரிக்கும் துகள்களில் ஈரம் ஏறும். மெஷின் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் குழாயில் வருவது ஏறக்குறைய வெறும் காற்று. ஆள் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டவேண்டும், வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவி நிழலில் உலர்த்தவேண்டும், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் குமிழிப் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். ஆகவே 2 மெஷினுக்கு மேல் வாங்க மாட்டோம், யாராவது இலவசமாகத் தந்தாலும்.

இந்த மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.எச். பேட்டரி புதிதாக இருந்தால்கூட சுமார் 3 மணி நேரம்தான் தாங்கும். கரண்ட் போனால் கைகொடுக்கத்தான் சிலிண்டர். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும். டாக்டர் சீட்டில் எத்தனை லிட்டர் என்று எழுதாமல் ஆக்சிஜன் கொடுக்க மாட்டோம். சிலருக்கு, முக்கியமாக நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு, அதிகம் கொடுப்பதும் ஆபத்து.

ஜெபிக்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. யாக்கோபு 5:14-ன்படி எண்ணெய் பூசி ஜெபிப்பது நம் வழக்கம். ஆனால் மூக்குக் குழாய் போட்டவரின் நெற்றியிலோ உதட்டிலோ எண்ணெய் தடவினால், ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். உள்ளங்கையில் பூசுங்கள். ஜெபம் குறைந்துபோகாது. சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளை நிறுத்தும்படி யாருக்கும் சொல்லாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திய பக்கவாத நோயாளிக்கு இரண்டாவது தாக்கு வருவது புதிதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, "விசுவாசம் இருந்தால் எழும்பியிருப்பீர்கள்" என்ற வாக்கியத்தைக் கட்டிலருகே சொல்லவே வேண்டாம். நோயோடு குற்ற உணர்வையும் சுமக்க வைப்பது சுவிசேஷம் அல்ல.

மறுபக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கட்டிலைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று போவது. அல்லது எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது என்று ஓடி ஓடி மூன்றாம் மாதத்தில் ஓய்ந்துபோவது. இந்த வேலையில் பெரும்பாலும் முடிவு மரணம்தான். அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் தன்னார்வலர் அடுத்த வீட்டுக்குப் போக மாட்டார். எனவே இருவராகவே போகவேண்டும், ஒரு ஜோடிக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கிடையாது, மாத முதல் சனிக்கிழமை முறைப்பட்டியல் போடுமுன் ஜெபத்துக்கு அரை மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். பிலிப்பியருக்கு எழுதும் பவுல் பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். நம் பட்டியலும் அந்த இரண்டு வசனத்துக்கும் இடம் வைக்கவேண்டும்.

பணம் கேட்பது பற்றி. நம் பக்கத்திலேயே டோனாவூரில் 1901 முதல் ஊழியம் செய்த எமி கார்மைக்கேல் அம்மையார் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரும் அப்படியே. அவர்களை மதிக்கிறோம். ஆனால் கேளாமல் இருந்த முல்லர் வருஷந்தோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார் என்பதையும், 1931-ல் விழுந்து அடிபட்ட அம்மையார் 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தபோது அருகிருந்து பார்த்தவர்களின் கை உழைப்பு அதில் எவ்வளவு என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பவுலோ வெளிப்படையாகவே கேட்டார். எருசலேம் பரிசுத்தவான்களுக்காக வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொன்னார் (1 கொரிந்தியர் 16). அந்தப் பணத்தைத் தனியே கொண்டுபோகாமல், ஒருவரும் குற்றப்படுத்தாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அழைத்துப்போனார் (2 கொரிந்தியர் 8). நாங்கள் எடுத்துக்கொண்டது பவுலின் வழி. கேட்டபின் எவ்வளவு வரும் என்பது எங்கள் கையில் இல்லை. ஆதலால் கடன் வாங்க மாட்டோம். ₹2,50,000 சேர்ந்ததும் கட்டில், ஏர்பெட், நாற்காலிகளோடு அறையைத் திறப்போம். ஆக்சிஜன் மெஷின்கள் கடைசியில்தான்.

கல்லில் பெயர் வெட்ட மாட்டோம். கட்டிலில் ஸ்டிக்கரும் ஒட்ட மாட்டோம். பத்து மடங்காகத் திரும்ப வரும் என்றும் சொல்ல மாட்டோம். அது சீட்டுக் கம்பெனிக்காரர் பேசுவது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டவர்கள் நற்கிரியைகளைச் செய்ய உண்டாக்கப்பட்டவர்கள் என்று எபேசியர் 2 சொல்லும் வரிசையில்தான் இந்தக் காணிக்கை வருகிறது, வரிசை மாறி அல்ல.

யூதாவின் ராஜா யோவாசின் நாட்களில் ஆலயப் பழுதுக்கு வந்த பணத்தில் வருஷக்கணக்காக ஒரு வேலையும் நடக்கவில்லை. பிறகுதான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைத்தார். ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள் (2 இராஜாக்கள் 12). இங்கேயும் அதே ஏற்பாடு. சேகர வங்கிக் கணக்கில் தனித் தலைப்பு, கமிட்டியில் இருவர் கையெழுத்து, ஆலய அலுவலகத்தில் எண்ணிட்ட ரசீது, மாதக் கடைசி ஞாயிறு அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. இந்த ரசீதுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. ₹3,60,000 சேர்ந்த அன்றே வசூலை நிறுத்திவிடுவோம், மோசே ஆசரிப்புக் கூடாரத்துக்கு இனிக் காணிக்கை கொண்டுவர வேண்டாம் என்று பாளயத்தில் கூறச் சொன்னதுபோல. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முடியும்வரை கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர்தான். அதற்குரிய அனுமதி இந்தத் திட்டத்துக்கு இல்லாததால் அவர்கள் அனுப்பினால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இரவல் எந்த மதத்தாருக்கும், எந்தச் சபையாருக்கும் உண்டு. கட்டிலோடு துண்டுப்பிரசுரம் போகாது. ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால்தான் ஜெபம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள்; அவர்கள் சொல்லும் உபகரணத்தை முதலில் கொடுப்போம். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷினும் சிலர் கேட்டிருந்தார்கள். பழகாத கை உள்ளே குழாய் விட்டால் ரத்தம் வரும் என்பதால் இப்போதைக்கு வாங்கவில்லை.

பொருள் திரும்பி வராமல் போவதுதான் இந்த மாதிரி அறைகளுக்கு வரும் பெரிய நஷ்டம். துக்க வீட்டில் கட்டிலைக் கேட்க யாருக்கும் மனம் வராது. எனவே அடக்கம் முடிந்து 10 நாட்களுக்குள் அந்தத் தெருவுக்குரிய தன்னார்வலர் ஜோடியே போய் விசாரித்து எடுத்துவருவார்கள். வந்தவுடன் சோப்பு நீரில் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். ஏர்பெட்டை வெயிலில் போட்டால் வெடிப்பு விடும்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் துவைத்த பழைய பருத்தி வேட்டி, நூல் சேலை கொடுக்கலாம். எத்தனை வந்தாலும் தேவைப்படும். வாரம் 2 மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பெயர் கொடுங்கள். ஆண்களும் அங்கேதான் கொடுக்கவேண்டும், ஆண் நோயாளியைத் தூக்க ஆண்கள் போதாமல் இருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஏர்பெட்டையும் காலாவதியான மாத்திரைகளையும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
உபகரண அறைக் கமிட்டியார்