ஜெயித்தும் 590 ரூபாய் நஷ்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்று வருகிறேன். பொங்கலுக்கு ஒருவர் கிரெடிட் கார்டில் 1,850 ரூபாய்க்குச் சேலை வாங்கினார். பங்குனியில், "பொருளே வரவில்லை" என்று தன் வங்கியில் புகார் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்டு பணத்தை வசூலித்து எனக்குத் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனத்தார், அடுத்த முறை எனக்குத் தர வேண்டிய பணத்தில் சேலைப் பணத்தோடு சார்ஜ்பேக் (புகாரின் பேரில் வாங்கியவருக்கே பணத்தைத் திருப்பும் முறை) கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 2,440 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

பில், கையெழுத்துள்ள கூரியர் ரசீது, "கலர் சூப்பர்ங்க" என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் அனுப்பினேன். தீர்ப்பு என் பக்கம். 1,850 திரும்பி வந்தது. 590 மட்டும் வரவில்லை. கேட்டால், "அது பரிசீலனைச் செலவு, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். மூன்று சேலை விற்றால் கிடைக்கும் லாபம் அது!

கார்டு திருட்டுக் கொடுத்தவர்களுக்கு இந்த சார்ஜ்பேக் ஏற்பாடு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விசா கார்டு வைத்திருப்பவர் பொதுவாக 120 நாள் வரை புகார் செய்யலாம். ஆதாரம் காட்ட எனக்குக் கிடைத்ததோ ஏழே நாள். பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது ரிசர்வ் வங்கி. விற்றவர் பக்கம் நியாயம் என்று முடிவானால் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்க்கலாமே?

இப்போதெல்லாம் பார்சல் ஒட்டும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைக்கிறேன். அந்த வாடிக்கையாளர் போன வாரம் மறுபடியும் விலை கேட்டார். முதலில் ஜிபே பண்ணுங்கள் என்றேன்.

ஒரு சேலை வியாபாரி,
சின்னாளப்பட்டி.