டட்டில் கிரீக் ஏரிக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு மடல்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் மான்ஹாட்டனில் படிக்கிற, வேலை பார்க்கிற, பிள்ளை வளர்க்கிற தமிழர்கள் எல்லாருக்கும்,

வணக்கம். பதினோரு வருடத்துக்கு முன்பு மண்ணியல் படிக்க இந்த ஊருக்கு வந்தவன் நான். வந்த முதல் வாரமே சீனியர்கள் காரில் ஏற்றி டட்டில் கிரீக் அணைக்குக் கூட்டிப்போனார்கள். அணைமேல் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "அடேயப்பா, இவ்வளவு பெரிய ஏரியா!" என்றார் அம்மா. அப்புறம் எத்தனையோ கோடைகள் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு "இதுதான் நம்ம ஊர் ஏரி" என்று நானே காட்டியிருக்கிறேன்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருந்தது என்று ஏழு வருடம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் ரேண்டால்ஃப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டதற்கு, தூண்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏரியைக் காட்டினார். முதலில் அக்கரையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி, கையை இன்னும் கீழே இறக்கிக் காட்டினார். அவர் படித்த பள்ளிக்கூடம் அங்கே இருந்ததாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

பிக் புளூ என்ற ஆறு நெப்ராஸ்காவில் இருந்து தெற்கே இறங்கி வந்து, மான்ஹாட்டனில் கான்சாஸ் ஆற்றோடு சேர்கிறது. அதன் பள்ளத்தாக்கு நல்ல வண்டல் பூமி. சோளமும் கோதுமையும் மாடும் பன்றியும் வைத்து நூறு வருடம் பிழைத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. ஆற்றை ஒட்டி ரயில் ஓடியது, ரயிலை ஒட்டி ஊர்கள். நம் ரைலி கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரேண்டால்ஃப், கிளீபர்ன், ஸ்டாக்டேல். எதிர்க்கரையில், பாட்டவாட்டமி கவுன்ட்டியில் கேரிசன், மரியாடால். இன்னும் வடக்கே மார்ஷல் கவுன்ட்டியில் பிகெலோ, இர்விங். சுவீடனில் இருந்து வந்த விவசாயிகள் 1863இல் மரியாடாலில் ஒரு லூத்தரன் சபையைத் தொடங்கினார்கள். கான்சாஸிலேயே பழைய சுவீடிஷ் சபை அது. அவர்கள் கல்லால் கட்டிய தேவாலயம் அணைக்காக இடிக்கப்பட்டது.

இந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்ட 1938ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டத்திலேயே அனுமதி இருந்தது. ஆனாலும் திட்டம் காகிதத்தில்தான் கிடந்தது. 1951 ஜூலையில் வந்த வெள்ளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. மான்ஹாட்டன் கடைத்தெருவில், நாம் காபி குடிக்கப் போகிற அதே பாயின்ட்ஸ் அவென்யூவில், ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழே டொபீகா, லாரன்ஸ், கான்சாஸ் சிட்டி என்று வழியில் இருந்த ஊரெல்லாம் மூழ்கின. வெள்ளம் உச்சத்தைத் தொட்ட ஜூலை 13ஐ இந்தப் பக்கம் 'கறுப்பு வெள்ளி' என்றே சொல்கிறார்கள். நகரங்கள் அணை கேட்டன, கேட்டதில் நியாயமும் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. நாம் வாடகைக்கு இருக்கிற வீடுகளில் பாதி அந்த அணைக்குக் கீழேதான் இருக்கின்றன.

பள்ளத்தாக்கு மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. இந்தப் பகுதியை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னை உலுக்கியது இதுதான். 'புளூ வேலி பெல்ஸ்' என்ற பெயரில் பண்ணை வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். கடிதம் எழுதினார்கள், ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், அரசியல்வாதிகளைத் துரத்தித் துரத்திப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கு இருந்த நாடாளுமன்றத் தொகுதி குடியரசுக் கட்சியின் கோட்டை. 1952இல் அதே கட்சியின் ஐசனோவர், இதே மாநிலத்தில் வளர்ந்தவர், அதிபர் தேர்தலில் இங்கே பெரிய வெற்றி பெற்றார். அதே தேர்தலில் அந்தத் தொகுதி மக்கள் பதவியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஆல்பர்ட் கோலைத் தோற்கடித்து, அணையை எதிர்த்த ஹோவர்ட் மில்லர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். அணைக்குப் பணம் ஒதுக்குவதும் கொஞ்ச காலம் நின்றது. 1954இல் மில்லர் தோற்றார். வேலை மறுபடி தொடங்கியது. 1962இல் அணை முடிந்தது.

அணையே வேண்டாம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. மாற்றுவழியும் சொன்னார்கள். மழை விழுகிற இடத்திலேயே தண்ணீரை நிறுத்துங்கள். வயல்களில் படிக்கட்டு வரப்பு போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். ஓடைகளில் சின்னச் சின்ன அணைகள் கட்டுங்கள். ஒரே இடத்தில் பெரிய அணை கட்டினால் வண்டல் வந்து அதை அடைத்துவிடும் என்றார்கள். நான் படித்தது மண். இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இன்றைக்கு அந்த ஏரியில் வழக்கமாகத் தண்ணீர் தேக்கி வைக்கிற கொள்ளளவில் ஏறக்குறைய பாதியை வண்டல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெப்ராஸ்கா வயல்களின் மேல்மண்ணும் அதில் இருக்கிறது. சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கிளறி அணைக்குக் கீழே அனுப்ப முடியுமா என்று, அணையைப் பராமரிக்கிற ராணுவப் பொறியாளர் படை திட்டம் வகுத்தது. எழுபது வருடத்துக்கு முன்பு விவசாயிகள் சொன்னதை அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சுமார் 3,000 பேர் வெளியேறினார்கள். வீடுகளைச் சிலர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மற்றவற்றை இடித்தார்கள், எரித்தார்கள். கல்லறைகளைத் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். ரேண்டால்ஃப் மக்கள் மட்டும் பிடிவாதமாக மேட்டில் நிலம் வாங்கி ஊரைப் புதிதாக நட்டார்கள். பாலத்துக்கு மேற்கே நாம் பார்க்கிற ரேண்டால்ஃப் அதுதான், இன்றைக்கு இருநூறு பேர்கூட இல்லை. மற்ற ஊர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஸ்டாக்டேல் இப்போது ஒரு பூங்காவின் பெயர். நம் பிள்ளைகள் பந்து விளையாடிய இடம் அது.

இர்விங்கைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. 1859இல் உருவான ஊர். 1879 மே 30 அன்று ஒரே மாலையில் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து அடித்து ஊரைப் பெயர்த்துப் போட்டன. அதிலிருந்தும் எழுந்து, திரும்பக் கட்டி, இன்னும் எண்பது வருடம் வாழ்ந்தார்கள். அணைக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். 1960இல் தபால் நிலையம் மூடியது. ஆனால் ஏரியின் தண்ணீர் வழக்கமாக அங்கே வருவதே இல்லை. பெருவெள்ளம் வந்தால் தேங்குவதற்காக ஒதுக்கிய நிலம் அது. இன்றைக்குப் போனால் மரங்களுக்கு நடுவே தெருக்கள் ஓடிய தடம், ஒரு நினைவுக்கல், அதன் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி. பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். வருகிறவர்கள் அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நான் போன அன்று அந்த நோட்டைப் புரட்டினேன். தாத்தா இங்கே பிறந்தார், அம்மா இங்கே படித்தாள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. நானும் தமிழில் இரண்டு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த விவசாயிகளுக்கு முன்பே பிக் புளூ கரையில் காலியான ஊர் ஒன்று உண்டு. மான்ஹாட்டனின் கிழக்கு ஓரத்தில், ஆறு சேருகிற இடத்தில், காவ் பழங்குடி மக்களின் பெரிய ஊர் இருந்தது. நீலமண் ஊர் என்று அதற்குப் பெயர். 1819இல் ஆய்வுப் பயணமாக வந்தவர்கள் சுமார் 120 மண்வீடுகளைப் பார்த்திருக்கிறார்கள். 1830 வாக்கில் அந்த மக்கள் அங்கிருந்து நகர்ந்தார்கள். 1873இல் அவர்களைக் கான்சாஸை விட்டே ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். கான்சாஸ் என்ற பெயரே அவர்களுடையது. பள்ளத்தாக்கு விவசாயிகள் இழந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1993இல் பெருமழை வந்து அணையின் மதகுகளை முதன்முறையாகத் திறந்தார்கள். மூன்று வாரம் பாய்ந்த தண்ணீர் கீழே ஒரு பள்ளத்தையே குடைந்துவிட்டது. அந்தப் பாறைகளில் புதைபடிமம் தேடப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பல கோடி வருடத்துக்கு முந்தைய சிப்பியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அறுபது வருடத்துக்கு முந்தைய ஊரைப் பற்றியும் சொல்லலாமே.

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது பிள்ளைகளிடம் காலியான அந்த ஏழு ஊர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். கிளாஃப்ளின் சாலையில் ரைலி கவுன்ட்டி வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து நடந்தே போகலாம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புதிய மாணவர்களை ஏரிக்குக் கூட்டிப்போகிற சீனியர்கள் அணைமேல் நின்றுவிடாமல் ரேண்டால்ஃப் பாலம் வரைக்கும் ஓட்டிப் போங்கள். அங்கே வயதானவர் யாராவது மீன் பிடித்துக்கொண்டிருந்தால், வணக்கம் சொல்லி எந்த ஊர் என்று கேளுங்கள். அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் எல்லாருக்கும் இப்போது எழுபது எண்பது வயது. தயவுசெய்து சீக்கிரம் கேளுங்கள். தண்ணீர் இறங்குகிற வருடங்களில் சேற்றில் செங்கல்லோ இரும்போ தட்டுப்பட்டால் எடுக்க வேண்டாம். அது மத்திய அரசு நிலம், பழம்பொருள் எடுப்பது குற்றம். அதைவிட, அது யாரோ ஒருவர் வீட்டுச் சுவர்.

மே மாதக் கடைசி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இர்விங்குக்குக் கிளம்புகிறேன். காரில் நாலு பேருக்கு இடம் உண்டு. தயிர்சாதமும் ஊறுகாயும் நான் கொண்டுவருகிறேன். கடைசிக் கொஞ்ச தூரம் மண்பாதை, மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும், பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு பேனாவும் எடுத்து வாருங்கள். போன தடவை அந்தத் தபால் பெட்டியில் இருந்த பேனாவில் மை தீர்ந்திருந்தது.

அன்புடன்,
மான்ஹாட்டனில் இருந்து உங்களில் ஒருவன்