தை மழைக்கு முன் எங்கள் கரையில் ஒரு படகு வேண்டும்

மாவட்ட அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், கோறளைப்பற்று தெற்கு, கிரான்.

ஐயா / அம்மணி,

கிரான் – புலிபாய்ந்தகல் வீதிக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு இயந்திரப் படகு ஒன்றை நிரந்தரமாக நிறுத்திவைத்தல் தொடர்பாக

ஐப்பசி பாதி வரைக்கும் இந்த வீதியால் எங்களுக்குத் தண்ணீர் பவுசரில் வந்தது. கார்த்திகைக் கடைசியில் அதே வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. இரண்டுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைத்த நல்ல நாட்கள் பத்துக்கூட இல்லை.

வரட்சியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்ததுதான். கிணறுகளில் சேறுதான் மிஞ்சியது. புழுதியில் விதைத்த நெல் முளைத்துக் கருகியது, சிலர் இரண்டாம் தடவையும் விதைத்தார்கள். மழை விழுந்த முதல் நாள் பிள்ளைகள் முற்றத்தில் நின்று நனைந்ததை எந்தத் தாயும் தடுக்கவில்லை. கண்ணகை அம்மன் கோயிலில் பால் பொங்கினோம். சரி, இந்த முறை வேளாண்மை தப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வானத்தைப் பார்த்து வெள்ளத்தைச் சொல்ல எங்களால் முடியாது. முந்தனை ஆற்றுக்குத் தண்ணீர் மகாஓயாப் பக்கமிருந்து வருகிறது. அங்கே கொட்டினால், எங்கள் பக்கம் வெயில் எறிக்கும்போதே ஆறு ஏறும். உறுகாமம், கித்துள் குளங்களும் நிரம்பி வான் பாய்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கரையில் நிற்கும் ஒரு மருத மரத்தில் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டிருக்கிறோம். கீழ்க்கோட்டைத் தண்ணீர் தொட்டால் மாடுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். நடுக்கோட்டைத் தொட்டால் விதைநெல்லைப் பரணில் போட வேண்டும். மேல்கோட்டைத் தொட்டால் பிள்ளை குட்டிகளோடு மேட்டு வீடுகளுக்குப் போக வேண்டும். பல வருடமாக இந்தக் கணக்கு பிழைத்ததில்லை. இந்த முறை ஆறு நள்ளிரவில் ஏறியது. விடிந்து போய்ப் பார்த்தபோது கோடு மூன்றையும் காணவில்லை.

ஆனாலும் உயிர்ச்சேதம் இல்லை. அதற்குக் காரணம் அயலவர்கள்தான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். மேட்டில் இருந்த ஒரு கல்வீட்டில் இருபத்துமூன்று பேர் நான்கு நாள் இருந்தோம். அடுப்பு மூட்ட ஈரமில்லாத தரை இல்லை. அந்த வீட்டு அக்கா, மண் அள்ளும் தள்ளுவண்டிக்குள் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டினார். தூறல் வந்தால் வண்டியை விறாந்தைக்குத் தள்ளுவது, விட்டால் முற்றத்துக்குத் தள்ளுவது. அப்படித்தான் நான்கு நாளும் கஞ்சி காய்ந்தது. போன மாதம் வரை தண்ணீர்ப் பரலுக்குப் பக்கத்தில் நின்று வாளிக் கணக்கில் சண்டை பிடித்த இரண்டு வீட்டார், ஒரே பாயில் படுத்தார்கள்.

இனி நான் எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிபோல, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பாம்பு கடித்தது. வெள்ளத்தில் பாம்புகளும் மேட்டுக்குத்தானே வரும். என்ன பாம்பென்று இருட்டில் ஒருவரும் காணவில்லை. படகுச் சேவை நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் இரவில் படகு கிரான் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. கைபேசிகளில் சார்ஜ் இல்லை. ஒன்றில் இருந்த கொஞ்சத்தில் எடுத்தாலும் சிக்னல் நிற்கவில்லை. அப்புறம் வேறு வழியில்லாமல், பவுசர் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த நீலப் பரல்கள் நான்கின் மூடியை இறுக்கி, கழற்றிய கதவுப் பலகை ஒன்றின் கீழே மாட்டுக் கயிற்றால் கட்டினோம். இளைஞர்கள் மூன்று பேர் பிள்ளையையும் தாயையும் அதில் ஏற்றி, வீதியோரக் கட்டைகளைத் தடவித் தடவித் தடி ஊன்றிக்கொண்டு போனார்கள். தாயின் கையில் ஒரு டோச் லைட், அதுவும் தட்டித் தட்டித்தான் எரிந்தது. பகலில் மோட்டார் சைக்கிளில் சில நிமிடம் ஓடும் தூரம் அது. அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

பிள்ளை பிழைத்துவிட்டது. வைத்தியசாலையில் நன்றாகப் பார்த்தார்கள். கடித்த பாம்பு விசம் குறைந்ததாக இருந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அதாவது எங்களைக் காப்பாற்றியது பாம்பு. அடுத்த முறையும் அதையே நம்பியிருக்க முடியாது அல்லவா?

வருடா வருடம் கடற்படையினரும் இராணுவத்தினரும் படகோட்டி எங்களை ஏற்றி இறக்குகிறார்கள். அதற்கு நன்றி உள்ளவர்கள் நாங்கள், குறை சொல்வதற்கு இந்த மனு இல்லை. ஆனால் வீதி மூடிய பிறகுதான் படகு வருகிறது, வந்தும் வாகனம் நிற்கும் அக்கரையில்தான் நிற்கிறது. நோயாளியும் கர்ப்பிணியும் இருப்பது இக்கரையில். ஆகவே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஒரு படகு, உயிர்காப்பு அங்கிகள், ஒரு மாரிக்குத் தேவையான எரிபொருள் ஆகியவற்றை எங்கள் கரையிலேயே வைத்துத் தரும்படி கேட்கிறோம். எங்களில் வாவியில் தொழில் செய்த இளைஞர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். படகைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் பூட்டி வைப்போம். எரிபொருள் கணக்கைக் கொப்பியில் எழுதி, கிராம உத்தியோகத்தர் கையொப்பத்தோடு மாதாமாதம் அனுப்புவோம். மாரி முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டாலும் ஆட்சேபனை இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. குளங்களின் வான்கதவு திறக்கும் செய்தியும் மேலே ஆறு ஏறும் செய்தியும் எங்களுக்கு இருட்டுவதற்கு முன் வர வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எங்களுக்கும் பாடம்தான், ஆனால் அது நாங்கள் பேசுவதற்கு. எங்களோடு பேசுவதற்கு ஒரு வழி வேண்டும். கோயில் ஒலிபெருக்கியை பற்றரியில் இயக்கலாம், செய்தி கிடைத்தால் ஊர் முழுக்க அறிவிக்கிறோம்.

முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றியும் ஊரில் பேச்சு உண்டு. ஆற்றுத் தண்ணீர் வாவியில் விழுந்துதான் பாலமீன்மடுப் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். வரட்சியில் அந்த வாய் மணலால் மூடிக் கிடக்கிறது. நேரத்தோடு வெட்டினால் வயலுக்கு நல்லது, வாவி மீனவருக்கோ மீனும் இறாலும் போய்விடும் என்ற கவலை. அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், அவர்கள் வயிற்றில் அடித்து எங்கள் வயல் வெள்ளம் வடிய வேண்டாம். வெட்டும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்து வயல்காரரின் பிரதிநிதியான வட்டவிதானை ஒருவரையும் கூப்பிட்டால் போதும்.

இந்த வீதிப் பாலத்தை உயர்த்துவது, கித்துள் – உறுகாமம் குளங்களை இணைப்பது எல்லாம் பெரிய வேலைகள். அவை முடியும்போது முடியட்டும். வயல் அழிவு விபரங்களைக் கமநல சேவை நிலையத்தில் தனியாகக் கொடுத்திருக்கிறோம், இங்கே குழப்பவில்லை.

அவசரம் ஏன் என்றால், இன்னும் மாரி முடியவில்லை. 2011 பெரு வெள்ளம் வந்ததும் தை மாதத்தில்தான். ஆகையால் இந்த மனுவை அடுத்த வருடக் கோப்பில் போடாமல், பொங்கலுக்கு முன் ஒரு முடிவு தர வேண்டுகிறோம். நேரில் பார்க்க யாராவது வந்தால் மருத மரத்தடியில் காத்திருப்போம். பரல் தெப்பமும் அங்கேதான் கட்டியிருக்கிறது. குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் பரல் வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள், படகு வந்த பிறகு அவிழ்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

செயலாளரும் கிராம மக்களும்,
கிராம அபிவிருத்திச் சங்கம்.

(குடும்பத் தலைவர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன. எழுதத் தெரியாதோர் பெருவிரல் அடையாளம் இட்டுள்ளனர்.)