அடியில் இருப்பதெல்லாம் அடித்தளமா?

கலைச்சொல் ஆக்கும் அறிஞர்களுக்கும் அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கீழே கிடப்பதைக் குறிக்கும் 'சப்ஸ்ட்ரேட்டம்' என்ற ஒரே ஒரு ஆங்கிலக் கலைச்சொல்லுக்காக இதை எழுதுகிறேன்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பாடக் குறிப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மண்ணைப் பற்றிய பாடம், பாசி வளரும் பாடம், நொதிப் பாடம் என்று எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்லுக்கும் அதன் உறவான 'சப்ஸ்ட்ரேட்'டுக்கும் 'அடித்தளம்' என்றே போட்டிருந்தது. "தாத்தா, அடித்தளம்னா அஸ்திவாரம்தானே? சோத்துக்கு எதுக்கு அஸ்திவாரம்?" என்று கேட்டாள். எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் இடம் அது. அங்கே மேலும் கிடையாது, கீழும் கிடையாது. நொதி எதைப் பிடித்து மாற்றுகிறதோ அந்தப் பொருள்தான் சப்ஸ்ட்ரேட். அதற்குத் தளப்பொருள் என்ற சொல் முன்பே புழங்குகிறது. அதையே எல்லா நூலிலும் நிலைநிறுத்துங்கள்.

லத்தீனில் சப்ஸ்ட்ரேட்டம் என்றால் 'கீழே விரித்தது' என்று பொருள். கல் பரப்பிய சாலையை ரோமானியர் அழைத்த பெயரிலிருந்து வந்த ஸ்ட்ரீட் என்ற சொல்லும் இதே வேர்தான். 1669இல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ, புரட்டப்படாத பாறை அடுக்குகளில் அடியில் கிடப்பதே மூத்தது என்று எழுதினார். கீழே கிடக்கும் அடுக்கு என்ற பொருள் நிலவியலில் அப்படியே நிற்கிறது. மற்ற துறைகள் அதைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டன.

எங்கள் மண்ணில் அந்தப் பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊரில் போர் போடும்போது குழாய் வழியாக வரும் சேற்றை வேலையாள் விரலில் தேய்த்துப் பார்ப்பார். முதலில் வண்டல், அப்புறம் களி, அப்புறம் மணல், மறுபடி களி. நல்ல மணல் வந்த இடத்தில்தான் தண்ணீரை வடிகட்டி எடுக்கும் பில்டர் குழாயை இறக்குவார்கள். களி தண்ணீரை எளிதில் விடாது, மணல் விட்டுக்கொடுக்கும். காவிரி காலம் காலமாக வழி மாறி மாறி ஓடியதன் கணக்கு அந்த அடுக்குகளில் இருக்கிறது. இதைப் போய் அடித்தளம் என்றால், கீழே ஏதோ அசையாத கல் கிடப்பதாகத்தான் பிள்ளை நினைக்கும். அடிமண், கீழடுக்கு என்று சொன்னால் என்ன குறை?

அடிமண்ணும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வருடா வருடம் சேற்றுழவு செய்யும் வயலில் உழவாழத்துக்குக் கீழே ஒரு தட்டு இறுகிப்போகும். நடவு வயலில் தண்ணீர் நிற்க அது உதவும். வேர் ஆழமாக இறங்க வேண்டிய பயிருக்கு அதுவே தடை, உளிக்கலப்பை வைத்து உடைக்க வேண்டியிருக்கும். ஆக, கீழே என்ன இருக்கிறது என்று விவசாயிக்குத் தெளிவாகப் புரியும் சொல் வேண்டும்.

உயிரியலில் சப்ஸ்ட்ரேட்டம் என்பது ஓர் உயிர் பற்றிக்கொள்ளும் இடம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மரத்துக்குச் சேறு, அந்த மரத்தின் வேரைப் பற்றும் சிப்பிக்கு வேர். பற்றிடம் என்று சொல்லலாம். சிப்பிக்காளான் வளர்ப்பவர்களோ வைக்கோலை அடுக்கி விதை தூவியதைக் காளான் படுக்கை என்கிறார்கள். அந்தச் சொல்லை யாரும் அவர்களுக்கு ஆக்கிக் கொடுக்கவில்லை.

மொழியியலில்தான் எனக்கு ஆசை அதிகம். ஒரு மக்கள் வேறு மொழிக்கு மாறிவிட்ட பின்னும், பழைய மொழி புதிய மொழியின் ஒலியிலும் தொடரிலும் தங்கிவிடுகிறது. அந்தப் பழைய மொழியைத்தான் அங்கே சப்ஸ்ட்ரேட்டம் என்கிறார்கள். இந்தக் கருத்தை இத்தாலிய அறிஞர் அஸ்கோலி 19ஆம் நூற்றாண்டில் அழுத்திச் சொன்னார். வடமொழியில் ட, ண போன்று நாக்கை மடித்து ஒலிக்கும் நாமடி ஒலிகள் நிலைபெற்றதற்குத் திராவிட மொழிகள் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. இங்கே அடித்தளம் என்று போட்டால், மேலே இருக்கும் மொழி முழுதும் கீழிருப்பதன் மேல் கட்டியது என்றாகிவிடும். அந்த ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. அடிப்படிவு என்றால் சரியாக இருக்கும்.

படிவு, படுகை, படுக்கை என்று இத்தனை சொல் நம் கையில் இருக்கிறது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் வண்டல் சேர்ந்து வாழை வைக்கும் நிலத்தைத்தான் நாங்கள் படுகை என்கிறோம். நிலவியலாளர் காவிரிப் படுகை என்று சொல்லும்போது அது பல மாவட்டங்களையும் கடலடியையும் சேர்த்த பெரும் பள்ளமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை அருஞ்சொல் பட்டியலில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

அடுத்த பதிப்புக்கு உட்காரும் முன் ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் வந்தால் ஆறு வறண்டிருக்கும். கரை அரித்த இடத்தில் இறங்கி நின்று, களியும் மணலும் மாறி மாறிக் கிடப்பதை அந்தப் பிள்ளையோடு சேர்ந்தே பார்க்கலாம். போர் போடுகிறவரையும் கூப்பிட்டு வைக்கிறேன்.