கடன் வேண்டாம், பங்குக்கு வாருங்கள்

ஆசிரியருக்கு,

பெரும்போக அறுவடை நேரத்தில் மழை வந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் தார் வீதிதான் நெல் காயப்போடும் களம். கடந்த தை மாதம் என் இரண்டு ஏக்கர் நெல்லையும் மண்டூருக்கு அப்பால் வீதியோரம் படங்கு விரித்துப் பரப்பியிருந்தேன். வாங்க வந்த வியாபாரி ஒரு மணியை எடுத்துக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். சத்தம் வரவில்லை. "ஈரம்" என்றார். மூடைக்கு ஐந்து கிலோ கழிவு. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சரி என்று கொடுத்துவிட்டேன்.

முன்பு இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாக இல்லை. கையால் வெட்டிய கதிர் உப்பட்டியாக, சிறு சிறு குவியலாக வயலில் கிடந்து, பிறகு சூடு என்ற போராகக் குவிந்திருந்து, ஓரளவு காய்ந்த பிறகுதான் அடிப்போம். இப்போது அறுவடை மெசின் வெட்டின கையோடு மணியைப் பிரித்துக் கொட்டிவிடுகிறது. வயல் வட்டை முழுவதன் ஈர நெல்லும் ஒரே கிழமைக்குள் வீதிக்கு வருகிறது. களஞ்சியத்தில் வைக்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் நம் நெல் பச்சையாகவே லொறி ஏறிப் பொலன்னறுவைக்குப் போய், அரிசிப் பையாகத் திரும்பி வந்து நமக்கே விற்கப்படுகிறது.

அதே வட்டைக்கு அன்று மாலை மூன்று இளைஞர்கள் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு காயவைக்கும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் தகரம் வளைத்துச் செய்த உருளை, அடியில் உமி அடுப்பு, பக்கத்தில் ஒரு காற்றாடி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான், ஆகவே எரிபொருளுக்கு அலையத் தேவையில்லை. ஒரு பையன் முழங்கை வரை உள்ளே விட்டு நெல்லை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரவு பதினொரு மணிக்கு நாலு மூடை முடிந்தது. விடிந்ததும் அதில் ஒரு மணியை நானே கடித்துப் பார்த்தேன். பல்லுக்கிடையில் வெடித்தது.

இப்படிப் பத்து இயந்திரம் செய்ய அவர்கள் ஒரு வங்கியில் கடன் கேட்டார்கள். வங்கிக்காரர் காணி உறுதி கேட்டார்கள், அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்டார்கள், அடுத்த மாதமே முதல் தவணை என்றார்கள். மூவரில் ஒருவர் இப்போது கட்டாரில்.

நான் 31 வருடம் வங்கிக் கடன் பிரிவில் இருந்தவன். இதுபோன்ற விண்ணப்பங்களை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வங்கியில் இருப்பது ஊர்ச்சனம் நம்பி வைத்த வைப்புப் பணம், அதை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. ஆகவே வங்கியைத் திட்டி எழுதவில்லை. இந்த வேலைக்கு வேறு வகைப் பணம் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வயல்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். குத்தகை என்றால் வெள்ளம் வந்தாலும் அறக்கொட்டிப் பூச்சி அடித்தாலும் பேசின நெல்லை அளக்க வேண்டும். பங்கு என்றால் விளைந்தால் இருவருக்கும், அழிந்தால் இருவருக்கும். வங்கிக் கடன் குத்தகை மாதிரி. துணிகர முதலீடு என்பது பங்குக்கு இறங்குவது. முதல் போட்டவர் கம்பனியில் பங்கு எடுக்கிறார், தவணை கேட்பதில்லை, கூட இருந்து கணக்கையும் பார்க்கிறார்.

நாட்டுக்கு வேண்டிய காரியங்களுக்கு அரசாங்கங்களே இந்த வழியில் இறங்கியிருக்கின்றன. இந்தியா 2016 இல் 10,000 கோடி இந்திய ரூபாயில் ஒரு நிதியம் அமைத்தது. அந்தப் பணம் நேரே புதிய கம்பனிகளுக்குப் போவதில்லை. தனியார் முதலீட்டு நிதியங்களுக்குப் போகிறது, அவை பெற்றதைப்போல் இரண்டு மடங்கைப் புதிய கம்பனிகளில் போட வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். தன் காசையும் சேர்த்துப் போடுபவன் அமைச்சரின் சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்து ஆள் எடுக்க மாட்டான். அமெரிக்க உளவுத்துறைக்காக 1999 இல் தொடங்கிய இன்-க்யூ-டெல் என்ற முதலீட்டு நிறுவனம் 2003 இல் கீஹோல் என்ற சிறு கம்பனியில் முதலிட்டது. அடுத்த வருடம் கூகுள் அதை வாங்கியது. இன்று நம் வரம்புகளையும் குளங்களையும் பார்க்கும் கூகுள் எர்த் அதிலிருந்து வந்ததுதான். உளவு வேலை எனக்கு உவப்பானதல்ல. ஆனால் தனக்கு என்ன தேவை என்று முதலில் சொல்லி, செய்து தந்தால் வாங்குவதற்கு ஆளும் காட்டிய முறை நமக்கு வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு இலவசமாக வந்த இயந்திரங்கள் இந்தக் கரையோரத்தில் துருப்பிடித்துக் கிடந்ததையும் கண்டவன் நான். கொடுத்தவர் திரும்பி வந்து பார்க்கவில்லை. அதனால்தான் மானியம் கேட்கவில்லை, பங்காளியைக் கேட்கிறேன்.

இங்கே நம்மாலும் முடியும். 2022 யூலையில் எரிபொருள் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை முறையைச் சில கிழமைகளில் செய்து தந்தவர்கள் நம் நாட்டு இளைஞர்கள்தான். பஞ்சம் வாசலுக்கு வந்தபோது அவர்களைத் தேடினோம். 2024 மார்கழியில் அரிசி இறக்குமதிக்கு மறுபடி வாசலைத் திறக்க வேண்டி வந்ததே, அப்போது ஈர நெல்லைப் பற்றி யார் யோசித்தார்கள்? கொழும்பிலிருந்து பார்த்தால் தேசிய நலன் துறைமுகமாகத் தெரியலாம். மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரருக்கு அது தையில் காயும் நெல்.

அரசாங்கம் தனியாரோடு சேர்ந்து ஒரு பங்கு நிதியம் அமைக்கட்டும். அதில் கிழக்குக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, எந்தத் தேவைக்கு முதலிடுவது என்பதை விவசாய அமைப்புகளிடமும் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிடமும் கேட்டுத் தீர்மானிக்கட்டும். அதற்குக் காலம் எடுக்கும் என்றால், அடுத்த தை அறுவடைக்கு நெல் சந்தைப்படுத்தல் சபை நம் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் இப்படிப்பட்ட இரண்டு இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். வாடகை உறுதி என்ற கடிதம் கையில் இருந்தால், மீதி இரண்டு பையன்களும் ஊரில் நிற்பார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி